வூடி கத்ரி அஞ்சலிக் கச்சேரிப் பதிவைக் கேட்பது எப்படி: ஐந்து மாலைகளுக்கான முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பேராக உட்கார்ந்து பாட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரிக்காக 1968-லும் 1970-லும் நடந்த இரண்டு அஞ்சலிக் கச்சேரிகளின் பதிவை இதுவரை நான்கு முறை புதியவர்களோடு கேட்டிருக்கிறேன். நான்கு முறையும் அவர்கள் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். நேரே பாப் டிலன் பாடும் மூன்று பாட்டுகளுக்குத் தாவினார்கள், கேட்டு முடித்ததும், "இவ்வளவுதானா?" என்றார்கள்.

குறை பதிவில் இல்லை, கேட்ட வரிசையில் இருக்கிறது. அஞ்சலிக் கச்சேரியில் ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுகிறார். முதலாமவர் எப்படிப் பாடினார் என்று தெரியாதவருக்கு இரண்டாமவர் செய்தது என்ன என்பது காதில் விழாது. அதனால்தான் இந்தப் படிகளை இந்த வரிசையில் வைத்திருக்கிறேன். மாற்றிப் போட்டால் பலன் பாதியாகிவிடும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் போதும், விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பாடல் வரிகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமாவின் நாட்டுப்புறப் பேச்சு நம் காதுக்குப் பழகாதது; வரிகள் கையில் இல்லாவிட்டால் கவனமெல்லாம் சொல்லைத் தேடுவதிலேயே போய்விடும்.

அமெரிக்க வரைபடம் ஒன்றும் வேண்டும். அதில் ஐந்து இடங்களை முதலிலேயே வட்டமிடுங்கள்: கத்ரி 1912-ல் பிறந்த ஓக்லஹோமாவின் ஒக்கீமா, புழுதிப் புயலில் அவர் சிக்கிய டெக்சஸின் பாம்பா, வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆறு, மிச்சிகனின் காலுமெட், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ. பாட்டுகள் இந்த ஊர்களைச் சுற்றித்தான் நடக்கின்றன. வரைபடத்தைப் பார்க்காமல் கேட்டால் எல்லாமே "ஏதோ ஒரு சாலைப் பாட்டு" என்று ஒன்றாகக் குழம்பிவிடும்.

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: பாட்டு, கத்ரி பாடிய விதம், மேடையில் பாடியவர் மாற்றியது. மூன்றாவது பத்தியை இப்போதைக்குக் காலியாக விட்டுவிடுங்கள்.

கைப்பேசியில் கேட்பவர்கள் ஷஃபிளை இப்போதே அணைத்துவிடுங்கள். அற்பமான விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரு நண்பர் முழு ஆல்பத்தையும் ஷஃபிளில் கேட்டுவிட்டு, நிறைவுப் பாட்டுக்குப் பிறகு ஏன் மறுபடி அறிமுகம் வருகிறது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

2. எந்தப் பதிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் கச்சேரி 1968 ஜனவரி 20 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்தது. கத்ரி இறந்து நான்கு மாதம்கூட ஆகாத நேரம் அது. அன்று பிற்பகல் ஒன்று, இரவு ஒன்று என இரண்டு காட்சிகள். இரண்டாவது கச்சேரி 1970 செப்டம்பர் 12 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் திறந்தவெளி அரங்கான ஹாலிவுட் பௌலில் நடந்தது.

1972-ல் இவை இரண்டு தனி இசைத்தட்டுகளாக வந்தன. முதல் பாகத்தைக் கொலம்பியா நிறுவனமும் இரண்டாம் பாகத்தை வார்னர் நிறுவனமும் வெளியிட்டன. புதியவர்களைக் குழப்புவது என்னவென்றால், முதல் பாகம் முதல் கச்சேரி அல்ல, இரண்டாம் பாகம் இரண்டாம் கச்சேரியும் அல்ல. இரண்டு மேடைகளின் பாட்டுகளும் இரண்டு தட்டுகளிலும் கலந்து கிடக்கின்றன.

2017-ல் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் மூன்று குறுந்தட்டுகளில் இரண்டு கச்சேரிகளையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தது. அது கிடைத்தால் அதையே எடுங்கள், ஆறாம் படியின் வேலை பாதி மிச்சம். பழைய தட்டோ அதன் டிஜிட்டல் வடிவமோதான் கிடைக்கிறது என்றாலும் பரவாயில்லை. பிரிக்கும் வழியை அந்தப் படியில் சொல்கிறேன். இரண்டையும் கலந்து மட்டும் கேட்காதீர்கள், ஒரே பாட்டு இரண்டு இடத்தில் வந்து குறிப்புகளைக் குழப்பும்.

3. முதல் மாலை: கத்ரியை மட்டும் கேளுங்கள்

அன்று அஞ்சலிப் பதிவைத் தொடவே கூடாது. கத்ரி தன் குரலில் பதிந்தவற்றை மட்டும் கேளுங்கள். 1940-ல் ஆர்.சி.ஏ. விக்டர் வெளியிட்ட 'டஸ்ட் பௌல் பாலட்ஸ்' தொகுப்பிலிருந்து 'டோ ரே மி', 'விஜிலன்டி மேன்', 'ஐ எய்ன்ட் காட் நோ ஹோம்', 'சோ லாங்' என்ற பல்லவி வரும் 'டஸ்டி ஓல்டு டஸ்ட்' ஆகிய நான்கும் கட்டாயம். அதன்பின் அவருடைய மற்ற பதிவுகளிலிருந்து 'பாஸ்சர்ஸ் ஆஃப் பிளென்டி', கொலம்பியா ஆற்றின் அணையைப் பற்றிய 'கிராண்ட் கூலி டாம்', 'ராம்ப்ளின் ரவுண்ட்', '1913 மாசகர்' ஆகியவற்றைக் கேளுங்கள். எட்டுப் பாட்டுகள். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை கேட்டுவிடலாம்.

முதல் தடவை சலிப்புத் தட்டும்; எனக்கும் தட்டியது. குரலில் ஏற்ற இறக்கம் குறைவு, கிட்டார் ஒரே நடையில் போகும், உணர்ச்சியை எங்கும் அழுத்திக் காட்ட மாட்டார். வேலையிழந்து, வீடிழந்து, எல்லையில் போலீஸ் மறித்து நிற்கும் கதையைச் சந்தைக்குப் போய் வந்த கதைபோலச் சொல்லிக்கொண்டு போவார். இந்தத் தட்டைத்தன்மையைத்தான் நோட்டின் இரண்டாம் பத்தியில் எழுத வேண்டும். மேடையில் ஒவ்வொருவரும் கை வைக்கப் போவது இதில்தான்.

இங்கே நிகழும் தவறு, "பழைய பதிவு, ஒலி சரியில்லை" என்று முப்பது விநாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவுவது. இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பாட்டுக்குள் காது அதை மறந்துவிடும்.

4. மெட்டு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள்

நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலைப்புக்குக் கீழே "இன்ன பாட்டின் வர்ணமெட்டு" என்று போட்டிருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில் புதிய சொற்களை ஏற்றினால் சுரக்குறிப்பு இல்லாமலே ஊர் பாடும். கத்ரி செய்ததும் பெரும்பாலும் அதே வேலைதான்.

'பாஸ்சர்ஸ் ஆஃப் பிளென்டி'யின் மெட்டு 'பிரிட்டி பாலி' என்ற பழைய கொலைக் கதைப்பாட்டிலிருந்து வந்தது. 'கிராண்ட் கூலி டாம்' பாட்டுக்கு 'வாபாஷ் கேனன்பால்' என்ற ரயில் பாட்டு. 'ரோல் ஆன் கொலம்பியா'வுக்கு 'குட்நைட் ஐரீன்'. இந்த மூன்று பழைய பாட்டுகளையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள், பத்து நிமிடம்தான்.

ஏன் இந்தச் சிரமம்? மெட்டு கத்ரிக்கே சொந்தமில்லை என்றால், மேடையில் பாடுகிறவர் மெட்டை மாற்றினாரா என்று தேடுவதில் பொருளில்லை. பார்க்க வேண்டியவை நடை, மூச்சு, சொல்லில் விழும் அழுத்தம். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள், "மெட்டு அப்படியே இருக்கிறதே, புதிதாக என்ன செய்துவிட்டார்?" என்று கேட்பார்கள். டாம் பாக்ஸ்டன் 'பாஸ்சர்ஸ் ஆஃப் பிளென்டி' பாடும்போது கொலைப்பாட்டின் இருட்டு இன்னும் அந்த மெட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது கேட்கும். பழம் பறிக்கும் கூலிகளைப் பற்றிய பாட்டில் அந்த இருட்டுக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

5. இரண்டாம் மாலை: உரையை விடாமல், தொடக்கத்திலிருந்து

இந்தக் கச்சேரிகள் பாட்டு, கைதட்டல், அடுத்த பாட்டு என்று போகிறவை அல்ல. வில்லுப்பாட்டில் புலவர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து பாட்டில் இறங்குவாரே, அந்த அமைப்பு. கத்ரியோடு அல்மனாக் சிங்கர்ஸ் குழுவில் பாடிய மில்லார்ட் லம்பெல், கத்ரி எழுதி வைத்த உரைநடையிலிருந்து எடுத்து இதன் வசனத்தைத் தொகுத்தார். கார்னகி ஹாலில் அதை வாசித்தவர்கள் நடிகர்கள் வில் கீர், ராபர்ட் ரயன். ஹாலிவுட் பௌலில் வில் கீர், பீட்டர் ஃபோண்டா.

உரைப் பகுதிகள் குட்டியானவை. அதனாலேயே எல்லோரும் அவற்றைத் தாண்டிப் போகிறார்கள். நான் நடத்திய மூன்றாவது அமர்வில் ஒருவர் கையில் ரிமோட்டோடு உட்கார்ந்து, பேச்சு தொடங்கிய மறுகணம் அடுத்த பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தார். முடிவில், "பாட்டுகளுக்குள் தொடர்பே இல்லை" என்று குறைப்பட்டார். தொடர்பை அவரே தன் கையால் வெட்டி எறிந்திருந்தார்.

நான் செய்து பார்த்துப் பலன் கண்ட வழி இது. ஒவ்வோர் உரைப் பகுதி முடிந்ததும் பதிவை நிறுத்துங்கள். அதில் வந்த ஓர் இடத்தையோ ஒரு பொருளையோ நோட்டில் ஒரே சொல்லில் எழுதுங்கள். பிறகு பாட்டை ஓட விடுங்கள். உரை எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பது பெரும்பாலும் முதல் சரணத்திலேயே விளங்கிவிடும். ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை என்றால் பின்னோக்கி நகர்த்தி இன்னொரு முறை கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. மூன்றாம் மாலை: இரண்டு மேடைகளையும் பிரியுங்கள்

பழைய பதிப்பில் கேட்பவர்களுக்கு இது முக்கியமான படி. அடையாளம் காண்பது எளிது. பாப் டிலன், ஜூடி காலின்ஸ், டாம் பாக்ஸ்டன் குரல் கேட்டால் அது கார்னகி ஹால். ஜோன் பயஸ், கன்ட்ரி ஜோ மெக்டொனால்டு என்றால் ஹாலிவுட் பௌல். பீட் சீகர், ஆர்லோ கத்ரி, ஒடெட்டா, ரிச்சி ஹேவன்ஸ், ஜாக் எலியட் ஆகியோர் இரண்டிலும் இருந்தார்கள். அங்கேதான் தகராறு வரும். அப்போது கைதட்டலைக் கேளுங்கள். மூடிய அரங்கில் கைதட்டல் சுவரில் பட்டுத் திரும்பி அடர்த்தியாக விழும். திறந்தவெளியில் அது சிதறிக் கரைந்துவிடும். பக்கத்தில் வரும் உரையில் ஃபோண்டாவா ரயனா என்பதும் கைகொடுக்கும்.

எதற்குப் பிரிக்க வேண்டும்? கார்னகி ஹாலில் பாடியவர்கள் அண்மையில் இறந்துபோன ஒருவருக்காகப் பாடினார்கள். மகன் ஆர்லோவுக்கு அப்போது இருபது வயது. மருந்தில்லாத ஹண்டிங்டன் நோய் தந்தையைக் கொன்றிருந்தது. அது பரம்பரையாக வருவது. அந்த நோயை எதிர்க்கத் தாய் மார்ஜோரி தொடங்கிய குழுவுக்கு நிதி திரட்டத்தான் கச்சேரியே. இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு ஆர்லோ பாடும் 'ஓக்லஹோமா ஹில்ஸ்' கேளுங்கள். துள்ளலான பாட்டு. அவர் அதைத் துள்ளலாகவேதான் பாடுகிறார். எனக்கு அந்த இடம் ஒவ்வொரு முறையும் கனக்கிறது.

பிறகு மூன்று பேரை அடுத்தடுத்துக் கேளுங்கள். நோட்டின் மூன்றாம் பத்தி இங்கேதான் நிரம்பும். முதலில் ஜாக் எலியட்டின் '1913 மாசகர்'. காலுமெட்டில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கிறிஸ்துமஸ் விருந்தில் யாரோ "தீ" என்று கத்தியதால் படிக்கட்டில் நெரிந்து 73 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எலியட் கத்ரியோடு ஒரே வீட்டில் தங்கிக் கற்றவர். அவரிடம் மாற்றம் மிகக் குறைவு. அடுத்து ஒடெட்டாவின் 'ராம்ப்ளின் ரவுண்ட்'. கத்ரி நடந்து கடந்த பாட்டை அவர் நின்று பாடுகிறார். மூன்றாவதாக ரிச்சி ஹேவன்ஸின் 'விஜிலன்டி மேன்'. திறந்த சுருதியில் கூட்டிய கிட்டாரை விடாமல் அடித்து, கத்ரி அடக்கி வைத்த கோபத்தை வெளியே கொண்டு வருகிறார். குறைவான மாற்றத்திலிருந்து அதிக மாற்றத்துக்குப் போகும் இந்த வரிசை, காதைப் பழக்குவதற்காகவே வைத்தது. ஹேவன்ஸை முதலில் வைத்தால் எலியட் வெறும் நகலாகத் தெரிவார். அவர் நகல் அல்ல.

7. நான்காம் மாலை: 'டிபோர்ட்டீ' ஒன்றுக்காக மட்டும்

ஜூடி காலின்ஸ் பாடும் இந்தப் பாட்டுக்கு ஒரு மாலை முழுவதும் கொடுங்கள். இதில் புதியவர்கள் சறுக்குவது வேறு விதம். மூன்றாம் படியில் சொன்ன முறைப்படி கத்ரியின் பழைய பதிவைத் தேடிப் போவார்கள். அவர் காலத்தில் வெளியான பதிவு எதுவும் கிடைக்காது.

1948 ஜனவரி 28 அன்று ஃபிரெஸ்னோ மாவட்டத்தின் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்து 32 பேரும் இறந்தார்கள். அவர்களில் 28 பேர் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பண்ணைத் தொழிலாளர்கள். செய்திகளில் விமானப் பணியாளர்களின் பெயரும் காவலரின் பெயரும் வந்தன. தொழிலாளர்கள் "டிபோர்ட்டீஸ்", அதாவது நாடு கடத்தப்படுவோர், என்ற ஒரே சொல்லில் முடிந்தார்கள். அந்தச் சொல்லைத்தான் கத்ரி பல்லவியின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். இன்று உலகம் பாடும் மெட்டை ஏறக்குறைய பத்தாண்டு கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்பவர் போட்டார். கத்ரி 1950-களின் தொடக்கத்தில் வீட்டில் நாடாவில் பாடி வைத்திருந்த வடிவம் 2025-ல்தான் வெளிவந்தது. ஆக, காலின்ஸ் மேடையேறியபோது ஒப்பிட்டுப் பார்க்க மூலக் குரல் யாரிடமும் இல்லை.

கேட்கும் முறை இது. முதல் தடவை வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். மூன்று மூன்றாக எண்ணும் நடையைக் காலால் தட்டிக்கொண்டிருந்தால் போதும். இரண்டாம் தடவை வரிகளோடு. பல்லவியில் கத்ரி இறந்தவர்களை முன்பெயர் சொல்லி ஒவ்வொருவராக வழியனுப்புகிறார். உண்மைப் பெயர்கள் அவருக்குத் தெரியாது, தானே வைத்த பெயர்கள். மூன்றாம் தடவை, அந்தப் பெயர்களில் காலின்ஸ் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தப் பெயரை நீட்டுகிறார் என்று மட்டும் குறியுங்கள்.

இறந்த 28 பேரின் பெயர்களும் ஃபிரெஸ்னோ கல்லறைத் தோட்டத்தில் 2013-ல்தான் கல்லில் பொறிக்கப்பட்டன. அந்தப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. நான்காம் தடவை கேட்கும் முன் அதை வாய்விட்டுப் படியுங்கள்.

8. ஐந்தாம் மாலை: டிலன்

டிலன் 1961-ல் நியூயார்க் வந்ததும் மருத்துவமனையில் கிடந்த கத்ரியைத் தேடிப் போனவர். 1966 மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு அவர் முதன்முதலாக மேடையேறியது கார்னகி ஹாலின் இந்தக் கச்சேரியில்தான். பின்னாளில் 'தி பேண்ட்' என்று பெயர்பெற்ற குழுவோடு வந்து மூன்று பாட்டுகள் பாடினார்: 'கிராண்ட் கூலி டாம்', 'டியர் மிஸஸ் ரூஸ்வெல்ட்', 'ஐ எய்ன்ட் காட் நோ ஹோம்'. மூன்றையும் இடையில் நிறுத்தாமல் கேளுங்கள்.

டிரம்மும் பியானோவுமாக ஒரு ராக் குழு வந்து இறங்குவதைக் கேட்டு முதலில் திகைப்பு வரும். அப்போது நான்காம் படியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 'கிராண்ட் கூலி டாம்' அடிப்படையில் ரயில் பாட்டின் மெட்டு. டிலன் அணையைப் பற்றிய பாட்டுக்குள் ஒளிந்திருந்த ரயிலை மறுபடி ஓட விடுகிறார். முதல் மாலையிலேயே இதைக் கேட்டிருந்தால் வெறும் சத்தமாகத்தான் போயிருக்கும்.

'டியர் மிஸஸ் ரூஸ்வெல்ட்' 1945-ல் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது அவர் மனைவி எலினாருக்குக் கத்ரி கடிதம்போல எழுதிய பாட்டு. கணவரை இழந்தவருக்கு ஆறுதல் சொல்லும் பாட்டை, மார்ஜோரியின் குழுவுக்காக நடந்த கச்சேரியில் பாட டிலன் தேர்ந்திருக்கிறார். இது வேண்டுமென்றே செய்ததா என்று எங்கள் அமர்வில் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம் வரும். வேண்டுமென்றே என்பது என் கட்சி.

9. நிறைவுப் பாட்டில் சரணங்களை எண்ணுங்கள்

எல்லோரும் சேர்ந்து பாடும் 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' வந்ததும் கூடவே பாடத் தோன்றும். பாடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு தடவை பேனாவோடு கேட்டுவிடுங்கள். கத்ரி 1940 பிப்ரவரி 23 அன்று எழுதிய கையெழுத்துப் படியில் ஆறு சரணங்கள். அவற்றில் ஒன்று தனிச்சொத்து என்று எழுதிய தடுப்பைப் பற்றியது. இன்னொன்று நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நிற்கும் வரிசையைப் பற்றியது. பள்ளிப் புத்தகங்களில் பெரும்பாலும் விடுபடுவன இந்த இரண்டும்தான். மேடையில் எவை பாடப்பட்டன, எவை விடப்பட்டன என்று நீங்களே டிக் அடித்துப் பாருங்கள். விடையை இங்கே எழுதிவிட்டால் நீங்கள் எண்ண மாட்டீர்கள்.

10. நோட்டு நிரம்பிய பிறகு

1996 செப்டம்பரில் கிளீவ்லண்டில் இன்னொரு கத்ரி அஞ்சலிக் கச்சேரி நடந்து, அதன் பதிவு 2000-ல் வெளிவந்தது. தலைப்பு 'டில் வீ அவுட்நம்பர் எம்'. ஆர்லோவும் ஜாக் எலியட்டும் அதிலும் இருக்கிறார்கள், 28 வயது கூடிய குரலில். நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி போட்டுக்கொண்டு அதைத் தொடங்கலாம். ஒரே வாரத்தில் வேண்டாம், இடையில் பத்து நாளாவது போகட்டும். ஷஃபிள் அணைந்துதான் இருக்கிறதா என்று மறுபடி ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.